ஐ ஃபார் இட்லி!

எல்.கே.ஜி. குழந்தையின் இங்கிலீஷ் புத்தகத்தை என்றைக்காவது பசியோடு புரட்டியிருக்கிறீர்களா? ஆபீஸ் விட்டு, மின்சார ரயிலில் நசுங்கி, வீடு வந்து ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் புரட்ட வேண்டும். ஏ ஃபார் ஆப்பிள். ஐ ஃபார் ஐஸ்க்ரீம். ஜே ஃபார் ஜாம். கடைசிப் பக்கங்களில் 'உணவு' என்று தனியாகப் படம் போட்டிருப்பார்கள். பர்கர், பீட்ஸா, ஸாண்ட்விச், டோனட், சீஸ், கேக்... சரியான பேக்கரி மெனு கார்டு! இருபத்தாறு எழுத்தையும் முடித்து மூடினால் வயிற்றுக்கு ஒன்றும் அகப்படாது.

சோறு எங்கே ஸார்?

அதே நேரம் உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது. பெருங்காய வாசனை ஹால் வரைக்கும் வருகிறது. குழந்தை அதையெல்லாம் காதிலும் மூக்கிலும் வாங்கிக்கொண்டே, விரலை டோனட் மேல் வைத்து "டோ...நட்" என்கிறது. அந்தப் பண்டத்தை அது பார்த்திருப்பது அந்தப் பக்கத்தில் மட்டும்தான்.

(கல்யாணமாகாதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். அக்கா பையனோ அண்ணன் பெண்ணோ ஞாயிற்றுக்கிழமை வந்து, "மாமா, புடலங்காய்க்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கும் அபாயம் உங்களுக்கும் உண்டு.)

இங்கிலீஷ் கற்றுக்கொடுப்பவர்கள் மத்தியில் ரொம்பப் பிரசித்தமான பட்டியல் ஒன்று இருக்கிறது. 1936-ல் எட்வர்ட் டோல்ச் என்ற அமெரிக்கப் பேராசிரியர் போட்டது. குழந்தைகள் படிக்கிற புத்தகங்களில் அடிக்கடி தலைகாட்டும் 220 சொற்கள். அதற்கு மேல் தனியாக 95 பெயர்ச்சொற்கள். 'சைட் வேர்ட்ஸ்' என்று ஸ்கூலில் தாள் கொடுத்து அனுப்புகிறார்களே, அதெல்லாம் பெரும்பாலும் இவர் வம்சம். அந்த 95-ல் ஆப்பிள் இருக்கிறது. பிரெட், கேக், மக்காச்சோளம், முட்டை, பால் இருக்கிறது. கிறிஸ்துமஸ் தாத்தாகூட இருக்கிறார். அரிசி இல்லை! டோல்ச்சைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவர் இல்லினாயில் உட்கார்ந்துகொண்டு அந்த ஊர்ப் பிள்ளைகளுக்காகப் போட்ட பட்டியல் அது. அடுத்த வீட்டு மளிகை லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனது நாம்தான்.

ஐஸ்க்ரீம் விஷயத்தில் எனக்கு இன்னொரு வழக்கும் இருக்கிறது. ஐஸ்க்ரீமில் அந்த எழுத்துக்கு 'ஐ' என்று சத்தம். ஆனால் குழந்தை அடுத்தபடியாக எழுத்துக் கூட்டிப் படிக்கப்போகிற இன், இட், பின், பிக், சிட் எல்லாவற்றிலும் அது 'இ' என்றுதான் ஒலிக்கிறது. ஐஸ்க்ரீமை நம்பிப் போன குழந்தை 'பைன்', 'பைக்' என்று படித்துவிட்டு முழிக்கிறது. அந்தச் சத்தத்தைச் சுத்தமாகக் கொடுக்கிற பண்டம் நம் வீட்டிலேயே வாரத்தில் நாலு நாள் ஆவியில் வேகிறது. ஐ ஃபார் இட்லி! ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலீஷ் அகராதியில் இட்லி ஏறி ரொம்ப நாளாகிறது, தோசையும் இருக்கிறது. ஆகையால் 'அது இங்கிலீஷ் இல்லையே' என்று யாரும் ஆட்சேபிக்க முடியாது. டி ஃபார் தோசையையும் தாராளமாகச் சேர்க்கலாம். யு ஃபார் உப்புமா மட்டும் சரிப்படாது. அம்ப்ரெல்லாவில் வருகிற சத்தம் வேறு. உப்புமாவுக்கு எங்கே போனாலும் மரியாதை கொஞ்சம் குறைவுதான்.

சிரிப்பு இருக்கட்டும். எங்கள் தெருவில் ஒரு யு.கே.ஜி. பையன். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். அம்மாவுக்குத் தையல் மெஷின். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே மிஸ் தினமும் காலையில் ஒவ்வொருவராக எழுப்பி, இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று இங்கிலீஷில் கேட்பாராம். நல்ல பழக்கம்தான். பையன் வருடம் பூராவும் ஒரே பதில்: "பிரெட் அண்ட் ஜாம், மிஸ்!"

பேரண்ட்ஸ் மீட்டிங்கில் மிஸ் அக்கறையாக, "தினமும் பிரெட்டே குடுக்காதீங்கம்மா. பையன் இளைச்சுப் போறான்" என்று சொல்லப்போக, அந்த அம்மா திகைத்துவிட்டார்.

"எங்க வீட்ல காய்ச்சல் வந்தாத்தான் மிஸ் பிரெட்டு வாங்குவோம்!"

வீட்டுக்கு வந்து, "ஏன்டா அப்படிச் சொன்னே?" என்று பையனை விசாரித்தால் அவன் சொல்கிறான்: "கூழுக்கு இங்கிலீஷ் கிடையாதும்மா."

அவன் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. பையில் என்ன சில்லறை போட்டு அனுப்பினோமோ, அதற்குக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். ஆனால் தன் வீட்டில் தின்பது வெளியே சொல்லிக்கொள்ளக்கூடியது இல்லை என்று ஐந்து வயதில் ஒரு பிள்ளை முடிவுக்கு வந்துவிட்டான் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. கிடையாதாமே! கம்புக்குப் பேர்ல் மில்லட் என்று பேர், முத்து மாதிரி இருப்பதால். கேழ்வரகுக்கு ஃபிங்கர் மில்லட், கதிர் விரல் மாதிரி விரிவதால். கூழ் என்பது பாரிட்ஜ். 2023-ஆம் வருடத்தையே ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. அதே கூழைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, மேலே நாலு கொத்துமல்லி இலையை மிதக்கவிட்டுப் பெரிய ஓட்டலில் கொடுக்கிறார்கள். பில்லைப் பார்த்தால் தொண்டையில் கூழே இறங்காது.

பையனுக்கு வேண்டியது இரண்டே சொல். அது அவன் புத்தகத்தில் இல்லை. டோனட் இருக்கிறது.

சொல் மட்டும் போதுமா என்றால், போதாது. நம் குழந்தைக்குச் சாப்பாட்டு இங்கிலீஷில் நிஜமான கஷ்டம் பெயர்ச்சொல்லில் இல்லை, 'சாப்பிடு'வில் இருக்கிறது. நமக்கு எல்லாமே சாப்பிடுதான். சாதம் சாப்பிடுகிறோம், காபி சாப்பிடுகிறோம், மாத்திரை சாப்பிடுகிறோம். இதை அப்படியே இங்கிலீஷுக்குத் தூக்கிக்கொண்டு போகும் குழந்தை 'ஐ ஏட் மில்க்' என்று எழுத, சிவப்பு மையில் ஒரு கோடு விழுகிறது. சாதத்துக்கு ஈட், பாலுக்கு டிரிங்க், மாத்திரைக்கு டேக். ஹார்லிக்ஸைத் திருட்டுத்தனமாகப் பவுடராக அள்ளி வாயில் போட்டால் ஈட். பாலில் கலந்தால் டிரிங்க். சூப் இன்னும் வம்பு. ஸ்பூனால் எடுத்தால் ஈட், கோப்பையோடு தூக்கி உறிஞ்சினால் டிரிங்க்.

நாலு வயதுக் குழந்தை இவ்வளவையும் சுமக்க வேண்டியதில்லை. இங்கிலீஷ்காரரிடமும் ஒரு 'சாப்பிடு' இருக்கிறது. ஹேவ்! இட்லிக்கும் ஹேவ், காபிக்கும் ஹேவ், வாழைப்பழத்துக்கும் ஹேவ். முதலில் இதை ஒன்றைக் கொடுத்துவிட்டால் குழந்தை தைரியமாக வாயைத் திறக்கும். ஈட்டும் டிரிங்க்கும் பின்னால் தானே வந்து உட்காரும். இறந்த காலத்தில் மட்டும் ஜாக்கிரதை. 'ஹேட்' என்பதைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் 'வெறுக்கிறேன்' என்று ஆகிவிடும். (உப்புமா விஷயத்தில் இரண்டும் பொருந்தும்.)

காரம் இருக்கிறதே, அது தனிக் கதை. ரசம் சூடாக இருந்தாலும் ஹாட், காரமாக இருந்தாலும் ஹாட். இரண்டுமாக இருந்து குழந்தை நாக்கை நீட்டிக்கொண்டு 'ஹாட், ஹாட்' என்று குதித்தால், ஊதித் தரவேண்டுமா, சர்க்கரை தரவேண்டுமா? இந்த இடத்தில் தமிழ் கெட்டிக்கார மொழி. அதனால் குழந்தைக்கு ஹாட் என்றால் சூடு, ஸ்பைஸி என்றால் காரம் என்று பிரித்துக் கொடுத்துவிடுவது உத்தமம். சுவைகளில் நாம் ஆறு சொல்லுவோம். இங்கிலீஷ் பாடப் புத்தகம் ஸ்வீட், ஸவர், ஸால்ட்டி, பிட்டர் என்று நாலோடு நிறுத்திக்கொள்ளும். நெல்லிக்காயைக் கடித்து முகத்தைச் சுளிக்கிற குழந்தைக்குத் துவர்ப்பு தெரியும். அதற்கான இங்கிலீஷ் சொல்லோ மருந்துக் கடை வாசனை அடிக்கிறது. விட்டுவிடுங்கள். முகத்தைச் சுளித்தாலே போதும்.

அரிசியும் அப்படித்தான். வயலில் நெல், மூட்டையில் அரிசி, தட்டில் சோறு. நமக்கு மூன்று டப்பா. அங்கே பச்சையாக இருந்தாலும் ரைஸ், வெந்தாலும் ரைஸ். (நெல்லுக்குப் 'பேடி' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அது மலாய் மொழியிலிருந்து வாங்கியது.) ஆகவே 'ரைஸ்' என்று பச்சரிசிப் படத்தைப் போட்டால் குழந்தைக்கு அது தன் தட்டில் இருக்கும் சாதம் என்று உறைக்காது. தட்டைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். அதே மாதிரி நமக்கு மாங்காய் வேறு, மாம்பழம் வேறு, மாவடு வேறு. அவர்களுக்கு எல்லாம் மேங்கோ; முன்னால் ஒரு அடைமொழி ஒட்டிக்கொள்ளும்.

எண்ணக்கூடியது, எண்ணக்கூடாதது என்று இலக்கணத்தில் ஒரு தலைவலி வருமே, 'டூ ரைசஸ்' என்று எழுதி நாமெல்லாம் அடி வாங்கினோமே, அதற்கும் மருந்து இட்லிதான். இட்லியை எண்ணலாம். ஒன் இட்லி, டூ இட்லீஸ். சாம்பாரை எண்ண முடியாது. ஒரு கிண்ணம் என்றுதான் சொல்ல வேண்டும். எ கப் ஆஃப் சாம்பார். ஒரு தட்டை முன்னால் வைத்து ஐந்து நிமிஷத்தில் முடிகிற பாடம். ஓட்டல் சர்வர் "ரெண்டு பொங்கல், மூணு காபி" என்று எண்ணக்கூடாததை எல்லாம் எண்ணிக் கூவுகிறாரே என்றால், இங்கிலீஷ் ஓட்டலிலும் 'டூ காபீஸ்' என்றுதான் சொல்கிறார்கள். உலகம் பூராவும் சர்வர்களுக்கு இலக்கணத்தில் சலுகை உண்டு.

இனி காய்கறி. சுவரில் மாட்டுகிற சார்ட்டைப் பாருங்கள். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், பட்டாணி. மார்க்கெட்டில் இவற்றுக்கு 'இங்கிலீஷ் காய்' என்றே பேர். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க இங்கிலீஷ் காய் என்று யாரோ சொல்லுக்குச் சொல் அர்த்தம் எடுத்துக்கொண்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நாட்டுக்காய்கள் வாசலிலேயே நிற்கின்றன. ஆனால் குழந்தைக்குப் பிடிக்கிற பேர்கள் அங்கேதான் இருக்கின்றன ஸார்! புடலங்காய் — ஸ்னேக் கோர்ட். பாம்பு! பாகற்காய் — பிட்டர் கோர்ட். சுரைக்காய் — பாட்டில் கோர்ட். பீர்க்கங்காய் — ரிட்ஜ் கோர்ட். சாம்பல் பூத்த பூசணி — ஆஷ் கோர்ட். இத்தனை கோர்ட் சைதாப்பேட்டையில்கூடக் கிடையாது. வெண்டைக்காய் லேடீஸ் ஃபிங்கர், முருங்கைக்காய் டிரம்ஸ்டிக். ஒவ்வொரு பேரும் ஒரு படம். பாம்பு, பாட்டில், சாம்பல், விரல், குச்சி என்று காய்க்கு ஒன்று இலவச இணைப்பாக வேறு கிடைக்கிறது. கேரட்டுக்குக் கேரட்தான்.

இங்கே ஒரு சண்டையைச் சொல்லியாக வேண்டும். ஸ்கூலில் மிஸ் கத்தரிக்காய்க்கு 'பிரிஞ்ஜால்' என்கிறார். வீட்டில் யூட்யூப் கார்ட்டூன் 'எக்பிளான்ட்' என்கிறது. லண்டனிலிருந்து வரும் சித்தப்பா 'ஓபர்ஜீன்' என்கிறார். குழந்தை அப்பாவைப் பார்க்கிறது. அப்பா பேப்பரால் முகத்தை மூடிக்கொள்கிறார். மூடவேண்டியதில்லை, மூன்றும் சரி. வெள்ளைவெளேரென்று முட்டை மாதிரிக் காய்க்கிற ஒரு ரகத்தைப் பார்த்துத்தான் எக்பிளான்ட் என்று பேர் வந்தது. பிரிஞ்ஜாலும் ஓபர்ஜீனும் தூரத்துச் சொந்தம். இரண்டும் அரபிக்காரர்கள் சொன்ன பேரிலிருந்து பிரிந்தவை. ஒன்று போர்ச்சுகீசியர் கப்பலில் நம் பக்கம் வந்தது, இன்னொன்று பிரான்ஸ் வழியாக லண்டன் போனது. பிரிஞ்ஜால் என்றால் மட்டம் என்று குழந்தையைத் திருத்தவே கூடாது. இந்தியாவில் பரீட்சை எழுதுகிறவரைக்கும் அதுதான் மார்க் வாங்கித் தரும்.

ஊர் மாறினால் அகராதி மாறும் என்பதை மட்டும் காதில் போட்டு வைக்கலாம். அமெரிக்காவில் டிரம்ஸ்டிக் என்று கேட்டால் கோழிக் கால் வரும். சாம்பாரில் போட முடியாது. லேடிஃபிங்கர் என்றால் விரல் நீளத்துக்கு இருக்கும் ஒருவகைக் கேக் பிஸ்கட். வெண்டைக்காய்க்கு அங்கே ஓக்ரா. நம் தயிர் அங்கே யோகர்ட். லண்டனில் சிப்ஸ் என்றால் நீளநீளமாக வெட்டிப் பொரித்த சூடான உருளைக்கிழங்கு. நம் ஊர்ப் பாக்கெட் சிப்ஸ் அங்கே கிரிஸ்ப்ஸ்.

தக்காளி காயா, பழமா என்று குழந்தை கேட்டால் என்ன செய்வீர்கள்? நான் பி.காம். படித்தவன், எனக்கு இதில் வரி சம்பந்தமான பதில்தான் தெரியும். 1883-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம்: இறக்குமதியாகும் காய்கறிக்கு வரி, பழத்துக்கு இல்லை. நிக்ஸ் என்ற வியாபாரி, 'தக்காளி பழம்தானே? வாங்கின வரியைத் திருப்பிக் கொடு' என்று கேஸ் போட்டார். சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1893-ல் தீர்ப்பு வந்தது. தாவர சாஸ்திரப்படி பழம்தான். ஆனால் ஜனங்கள் அதைச் சாப்பாட்டோடு சாப்பிடுகிறார்களே தவிர, சாப்பிட்டு முடித்தபின் பழமாகச் சாப்பிடுவதில்லை. ஆகவே காய்கறி, கட்டு வரியை! நாம் தக்காளிப் பழம் என்று சொல்லிக்கொண்டே அதைக் காய்கறிக் கடையில் வாங்குகிறோம். கோர்ட் இல்லாமலே தீர்த்துக்கொண்டுவிட்டோம்.

பி.காம். என்று சொன்னேன் அல்லவா, இன்னொரு கணக்கையும் முடித்துவிடுகிறேன். உள்ளே வருவது டெபிட், வெளியே போவது கிரெடிட். சாப்பாட்டு மேஜையில் பிற மொழிகளிடமிருந்து நமக்கு உள்ளே வந்தவை நிறைய. அன்னாசி, பப்பாளி, கொய்யா ஆகிய பேர்கள் போர்ச்சுகீசியர் வழியாக வந்தவை. பழங்களே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். பிஸ்கட், கேக், பன் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லாம் டெபிட். கிரெடிட் பக்கத்தைத்தான் குழந்தைகளிடம் யாரும் காட்டுவதில்லை. 'கரி' நம் கறி. 'மேங்கோ' நம் பக்கத்து மாங்காய்; தமிழ் மலையாளக் கரையில் போர்ச்சுகீசியர் கேட்டு, 'மங்கா' என்று எழுதி, இங்கிலீஷ்காரரிடம் கொடுத்தது. 'ஜாக்ஃப்ரூட்' மலையாளத்துச் சக்கை. 'காஞ்ஜி' நம் கஞ்சி. 'பாப்படம்' பப்படம். அமெரிக்காவில் ஆரோக்கியப் பொடி என்று டப்பாவில் அடைத்து விற்கிறார்களே 'மொரிங்கா', அது முருங்கை! இஞ்சிகூட நம் பக்கத்துச் சொல்லாகக் கிளம்பி, சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு 'ஜிஞ்சர்' ஆகியிருக்கிறது என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே 'மல்லிகட்டானி' சூப். பழைய இங்கிலீஷ் கிளப்புகளில் துரைமார்கள் உட்கார்ந்து ரசித்துக் குடித்த வஸ்து. என்னவென்று பார்த்தால் மிளகுத் தண்ணி! 1886-ல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் இதெல்லாம் விலாவாரியாக இருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல், தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். தீர்ப்பு எழுதிய நேரம் போக ரசத்துக்குப் பேர் எழுதியிருக்கிறார். நம் காலத்திலும் இது நின்றுவிடவில்லை. 2017-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் 'வடை'யைச் சேர்த்தார்கள், கூடவே 'அண்ணா'வையும். வடையும் அண்ணாவும் சேர்ந்து போனது பொருத்தம். டீக்கடையில் ஒன்றில்லாமல் இன்னொன்று கிடையாது.

கூழுக்கு இங்கிலீஷ் கிடையாது என்று நினைத்த பையனுக்கு இந்தக் கிரெடிட் பக்கத்தை யாராவது ஒரு தடவை காட்டியிருந்தால், பிரெட்டுக்கும் ஜாமுக்கும் வேலை இருந்திருக்காது.

எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது? சார்ட்டை மாட்டி, இருபது பழத்தையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கவைப்பதுதான் நம் ஊர் வழக்கம். அது வேலைக்கு ஆகாது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. தாமஸ் டிங்கம் என்ற ஆராய்ச்சியாளர் 1993-லும் 1997-லும் வெளியிட்ட சோதனை முடிவுகள்: ஒரே இனத்துச் சொற்களை ஒன்றாகக் கொடுத்தால் அவை மனசுக்குள் முட்டிக்கொண்டு ஏறுவதற்கு லேட்டாகின்றன, ஒரே காட்சியில் சேர்ந்து வருகிற வெவ்வேறு இனத்துச் சொற்கள் சுலபமாக ஏறுகின்றன. அதாவது ஆப்பிள், ஆரஞ்சு, பேர், பிளம் என்று வரிசையாக அடுக்குவதைவிட அரிசி, தண்ணீர், பானை, சூடு, கழுவு என்பது மேல். புது பிராஞ்சில் சேர்ந்த முதல் நாள் பத்து பேரை வரிசையாக அறிமுகப்படுத்தினால் உங்களுக்குப் பேர் நிற்கிறதா? கேஷ் கவுண்டரில் சண்டை போட்டவர் பேர் மட்டும் ரிடையராகிறவரைக்கும் நிற்கிறது. அந்தக் கதைதான்.

அதனால் சனிக்கிழமை ராத்திரி மாவரைக்கும்போது குழந்தையைச் சமையலறைக்குள் விடுங்கள். (நீங்களும் போங்கள். அம்மாவே எல்லாம் பார்த்துக்கொள்வாள் என்று டி.வி. முன்னால் உட்காராதீர்கள்.) அரிசியை வாஷ். உளுந்தை ஸோக். கிரைண்ட். மறுநாள் காலை தட்டில் போர். ஸ்டீம். ஹாட்! ப்ளோ. ஸாஃப்ட். ஒரு இட்லிக்குள் எட்டு சொல். எதற்கும் படம் தேவையில்லை, எதையும் ஒப்பிக்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் தானே சொல்லும். 'கிச்சன்', 'சிக்கன்' இரண்டையும் மாற்றிப்போட்டு, "அம்மா சிக்கன்ல இருக்கா" என்று விருந்தாளியிடம் சொல்லி மானத்தை வாங்கத்தான் செய்யும். சிரித்துவிட்டு, உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட வேண்டும்.

கடைக்குப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு நாளைக்கு மூன்று காய் போதும். கையில் கொடுங்கள், தொடட்டும், முகரட்டும். வெங்காயத்துக்கு நாம் 'ஆனியன்' என்கிறோம். இங்கிலீஷ்காரர் வாயில் அது கிட்டத்தட்ட 'அன்யன்'. ஷங்கர் படம் ஞாபகம் வந்தால் உச்சரிப்பு மறக்காது. ஆனால் அதைத் திருத்துவது கடைசி வேலை. ஆனியன் ஊத்தப்பத்தை அன்யன் ஊத்தப்பம் என்று கேட்டால் நம் ஊரில் சர்வர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அரசுப் பள்ளி டீச்சர்களுக்கு இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் பூராவும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிய காலை உணவுத் திட்டத்தின் பட்டியலில் உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் எல்லாம் இருந்தன. வகுப்பு பூராவும் ஒரே நேரத்தில் ஒரே சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது! எந்த கான்வென்ட்டிலும் இந்தக் கொடுப்பினை கிடையாது; அங்கே டிபன் பாக்ஸுக்கு டிபன் பாக்ஸ் ஜாதகம் வேறு. பொங்கலில் மிளகு தட்டுப்பட்டால் பெப்பர். சாம்பாரில் மிதப்பது கேரட்டா, பூசணியா? ஹாட்டா, ஸ்பைஸியா? இன்னும் கொஞ்சம் வேண்டுமா? 'மோர், ப்ளீஸ்' என்று ஒரு குழந்தை கேட்டால் (நம் மோர் இல்லை, அந்த மோர்) அது பரீட்சைக்கு எழுதுகிற இங்கிலீஷ் இல்லை. பசிக்குப் பேசுகிற இங்கிலீஷ். மத்தியானம் சத்துணவில் முட்டை வந்தால் இ ஃபார் எக் என்பதற்கும் படம் வேண்டாம்.

இங்கிலீஷில் ஒற்றைச் சொல் கிடைக்காத பண்டம் வரும்போதுதான் பெற்றோர்கள் தடுமாறுகிறார்கள். தடுமாற என்ன இருக்கிறது? ரசத்துக்கு ரசம். வத்தக்குழம்புக்கு வத்தக்குழம்பு. பீட்ஸாவை நாம் மொழிபெயர்த்தா சாப்பிடுகிறோம்? பேரை அப்படியே சொல்லிவிட்டு, அது என்னவென்று இரண்டு வார்த்தை விளக்கினால் ஆயிற்று. அந்த இரண்டு வார்த்தையில்தான் குழந்தை நிஜமாகவே இங்கிலீஷ் பேசுகிறது.

என் நண்பர் ஒருவர், பாங்க்கில் குமாஸ்தா, இரண்டாம் வகுப்பு படிக்கும் பெண்ணோடு போன ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் செய்துகொண்டிருந்தார். முன்னால் பழைய சோறு, சின்ன வெங்காயம்.

"பழையதுக்கு என்னப்பா?"

"பழையதுதான். எப்படிப் பண்றதுன்னு நீ சொல்லு."

பெண் யோசித்தாள். "ரைஸ்... இன் வாட்டர்... ஃபுல் நைட்!"

"சபாஷ். அப்புறம்?"

"வித் ஸ்மால் ஆனியன்."

"எத்தனை?"

எண்ணிப் பார்த்தாள். "ஃபோர் ஆனியன்ஸ். அப்பா, மோர் மிளகாய்க்கு?"

நண்பர் ஒரு வாய் எடுத்துவைத்துக்கொண்டு யோசித்தார். "சன்-ட்ரைடு சில்லி."

"ஹாட்டா, ஸ்பைஸியா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டாள். ஐந்து நிமிஷத்துக்கு இரண்டு மொழியிலும் பேச்சே இல்லை. அம்மா சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.